கியூபேசிக்கில் (மைக்ரோசாஃப்டின் பழைய பேசிக் நிரல்மொழி) பிரிண்ட் 5 என்று கொடுத்தால் முன்னால் ஒரு இடைவெளி ஏன் வருகிறது? +5 என்று குறியோடு அச்சிட என்ன வழி?

அந்த இடைவெளி கூட்டல் குறி உட்கார வேண்டிய இடம். ஜிடபிள்யூ பேசிக், கியூபேசிக் போன்ற மைக்ரோசாஃப்ட் வகையறாக்கள் ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் குறிக்கென்று ஓர் இடம் ஒதுக்கிவிடும். எண் நேர்மம் என்றால் அது காலியாக இருக்கும், எதிர்மம் என்றால் அங்கே - வரும். எண்ணுக்குப் பின்னால் வரும் இன்னொரு இடைவெளி, அரைப்புள்ளி போட்டு அடுக்கும்போது அடுத்தடுத்த எண்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. எல்லா பேசிக்கும் இப்படிச் செய்வதில்லை. ஆப்பிள் II கணினியின் ஆப்பிள்சாஃப்ட் பேசிக் இரண்டு பக்கமும் இடம் விடாது.

குறியோடு வேண்டுமென்றால், வடிவத்தைச் சொல்லி அச்சிடும் பிரிண்ட் யூசிங் தான் நேர்வழி (ஒவ்வொரு #-ம் ஓர் இலக்கத்துக்கான இடம்):

பிரிண்ட் யூசிங் "+###"; 45

இது +45 என்று அச்சிடும். -7 கொடுத்தால் -7. குறி எண்ணை ஒட்டியே வரும், ஒன்றாம் இடங்களும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். வெறும் பிரிண்ட்டில் 5-ம் 125-ம் இடப்பக்கம்தான் சேரும், பட்டியல் பார்க்கச் சகிக்காது. கணக்கு அறிக்கை என்றால் "####.##-" என்று கழித்தலைக் கடைசியில் வைத்துப் பாருங்கள். எதிர்ம எண்ணுக்கு மட்டும் வலது ஓரத்தில் - விழும். நீண்ட பட்டியலில் கண்ணுக்குச் சட்டென்று படுவது இதுதான் என்பது என் கட்சி.

ஒரு விஷயத்தில் கவனம். வடிவத்தில் + அல்லது - போடாமல் "##" என்று மட்டும் கொடுத்து -12 ஐ அச்சிட்டால் %-12 என்று வரும். கழித்தல் குறியும் ஒரு # இடத்தைத் தின்றுவிட்டது, எண் கட்டத்துக்குள் அடங்கவில்லை என்பதற்கு அந்த % அடையாளம். இன்னொரு # சேர்த்தால் சரியாகிவிடும்.

"+###" பூஜ்ஜியத்தையும் +0 என்றுதான் காட்டும். அது உறுத்தினால் குறியைத் தனியாக எடுக்க ஒரு பழைய தந்திரம் உண்டு:

மிட்$("- +", எஸ்ஜிஎன்(அ) + 2, 1)

எஸ்ஜிஎன் எண்ணின் குறியைப் பார்த்து -1, 0, 1 மூன்றில் ஒன்றைத்தான் தரும். இரண்டைக் கூட்டினால் 1, 2, 3. மேற்கோளுக்குள் இருக்கும் அந்தச் சரத்தில் அந்தந்த இடத்து எழுத்தை மிட்$ எடுத்துத் தந்துவிடும். இஃப் ஒன்றுகூட வேண்டாம். அப்புறம் குறி நீக்கிய மதிப்பான ஏபிஎஸ்(அ) வை ஒட்டிக்கொள்ளலாம்.

ஒட்டும்போதுதான் பலர் மாட்டுவது. எண்ணைச் சரமாக மாற்றும் எஸ்டிஆர்$ கூட அந்த முன் இடைவெளியை வைத்தே தரும். "டேட்டா" + எஸ்டிஆர்$(1) என்று கோப்புப் பெயர் கட்டினால் நடுவில் ஓட்டை விழும். கியூபேசிக்கில் இடப்பக்க இடைவெளியை நீக்கும் எல்ட்ரிம்$ போட்டால் போதும். ஜிடபிள்யூ பேசிக்கில் அது கிடையாது, மிட்$(எஸ்டிஆர்$(அ), 2) என்று வெட்டுவார்கள். ஆனால் எதிர்ம எண் வந்தால் இது கழித்தல் குறியையே வெட்டிவிடும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஏபிஎஸ் போட்ட எண்ணுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

காற்புள்ளி பற்றியும் யாராவது கேட்பீர்கள். "########,.##" என்றால் 1,234,567.50 என்று ஆயிரம் ஆயிரமாகத்தான் பிரிக்கும். நம் ஊர் லட்சக் கணக்கில் 12,34,567.50 வேண்டுமென்றால் அதற்கு நீங்களே ஒரு துணை நிரல் எழுதத்தான் வேண்டும்.