கேம்பிரிட்ஜ் பள்ளியில் 4-ம் வகுப்பு: மகள் என்ன படிப்பாள், வீட்டில் எதைக் கவனிப்பது?

கேள்வி: எங்கள் மகள் சென்னையில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் 3-ம் வகுப்பு முடிக்கிறாள். வரும் ஜூனில் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் நடத்தும் இன்டர்நேஷனல் பள்ளியில் 4-ம் வகுப்பு சேர்க்கப்போகிறோம். "பரீட்சை டென்ஷன் கிடையாது, எல்லாம் ஆக்டிவிட்டிதான்" என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மையில் என்னதான் கற்றுத்தருவார்கள்? வீட்டில் நாங்கள் எப்படி உதவலாம்? பின்னால் சி.பி.எஸ்.இ.க்கே திரும்ப நேர்ந்தால் தடுமாறுவாளா?

பதில்: படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கேம்பிரிட்ஜ் தொடக்கக் கல்வி ஸ்டேஜ் 1 முதல் 6 வரை, அதாவது 5 வயதிலிருந்து 11 வரை. அடுத்து ஸ்டேஜ் 7, 8, 9. அதன்பின் ஐ.ஜி.சி.எஸ்.இ., அதாவது நம் பத்தாம் வகுப்புக்கு ஈடான கேம்பிரிட்ஜ் படிப்பு, வழக்கமாக 2 வருடம். கூட்டினால் 11 வருடம். நம் ஊர்க் கணக்கில் பத்தாம் வகுப்பு முடிய 10 வருடம்தான். மிச்சமாகும் அந்த ஒரு வருடத்தை ஒவ்வொரு பள்ளியும் ஏதோ ஓர் இடத்தில் விழுங்கியாக வேண்டும். யு.கே.ஜி.யையே ஸ்டேஜ் 1 ஆக்குவது ஒரு வழி. நடுவில் இரண்டு ஸ்டேஜை ஒரே வருடத்தில் நடத்துவது இன்னொரு வழி.

இது ஏன் முக்கியம் என்றால், உங்கள் மகள் சேரும் "4-ம் வகுப்பு" ஸ்டேஜ் 4 ஆகவும் இருக்கலாம், ஸ்டேஜ் 5 ஆகவும் இருக்கலாம். ஸ்டேஜ் 5 என்றால் ஒரு முழு ஸ்டேஜைத் தாண்டி உள்ளே போகிறாள். முதல் டேர்மில் பிள்ளை திணறும்போது "பாடத்திட்டம் கஷ்டம்", "இங்கிலீஷ் போதவில்லை" என்று பலவாறாக நினைப்போம். காரணம் வெறும் இந்த ஒரு வருட இடைவெளியாக இருக்கலாம். அதனால் வகுப்பு எண்ணைக் கேட்காதீர்கள், "என் மகளுக்கு இந்த ஜூனில் எந்த ஸ்டேஜ்?" என்று கேளுங்கள். கூடவே இன்னும் இரண்டு கேள்விகள். பள்ளி கேம்பிரிட்ஜில் பதிவு செய்திருப்பது தொடக்க நிலைக்கா, ஐ.ஜி.சி.எஸ்.இ.க்கு மட்டுமா? ஆங்கிலம் முதல் மொழிப் பாடத்திட்டமா, இரண்டாம் மொழிப் பாடத்திட்டமா? இரண்டும் தனித்தனிப் பாடத்திட்டங்கள். போர்டில் "இன்டர்நேஷனல்" என்று எழுதியிருப்பது மட்டும் எதற்கும் உத்தரவாதம் ஆகாது.

இனி பாடங்கள். கணக்கில் தலைப்புகளைப் பார்த்தால் சி.பி.எஸ்.இ.க்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. ஸ்டேஜ் 4-ல் 10 வரை வாய்ப்பாடு முழுவதும் தெரிந்திருக்க வேண்டும், எதிர்மறை எண்கள் வந்துவிடும். 5-ல் தசமம், பின்னம், சதவீதம் நன்றாக இறுகும். 6-ல் விகிதம், நான்கு கால்பகுதிகளிலும் ஆயத்தொலைவு, சராசரி, இடைநிலை, முகடு, வீச்சு. நிகழ்தகவும் உண்டு. வாய்ப்பாட்டில் உங்கள் மகள் அநேகமாக முன்னால்தான் இருப்பாள். 12 வரை சொல்லத் தெரிந்த பிள்ளை அந்த வகுப்பில் ராணி.

வித்தியாசம் கேள்வியின் கடைசி வரியில் இருக்கிறது: "உனக்கு எப்படித் தெரியும்? விளக்கு." விடை மட்டும் போதாது, விளக்கமும் கேட்கும் கேள்விகள் நிறைய. உதாரணத்துக்கு: "இரண்டு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் விடை எப்போதும் இரட்டைப்படையா?" நம் பிள்ளைகள் 3+5=8, 7+9=16 என்று இரண்டு கணக்கைப் போட்டுக் காட்டி "ஆமாம்" என்று எழுதிவிடுவார்கள். விடை சரி. ஆனால் இரண்டு உதாரணம் "எப்போதும்" என்பதற்கு ஆதாரம் ஆகாது. மதிப்பெண் போய்விடும். "கூட்டிப் பார்த்தேன்" என்று எழுதினாலும் அதே கதிதான்.

இதை வீட்டில் புளியங்கொட்டையை வைத்துச் செய்யலாம். 7 கொட்டையை ஜோடி ஜோடியாக அடுக்கச் சொல்லுங்கள்: மூன்று ஜோடி, ஒன்று தனியாக நிற்கும். பக்கத்தில் 9: நான்கு ஜோடி, ஒன்று தனி. இரண்டையும் சேர்த்தால் தனியாக நின்ற இரண்டும் ஜோடி சேர்ந்துவிடும், மிச்சம் எதுவும் இல்லை. எந்த ஒற்றைப்படை எண்ணை எடுத்தாலும் ஒன்றுதான் தனியாக நிற்கும் என்பதால் இது எப்போதும் நடக்கும். இதைப் பிள்ளை தன் வாயால் சொன்ன பிறகு, இரண்டு வரியில் எழுதச் சொல்லுங்கள். சொல்லத் தெரிந்ததை எழுதத் தெரியாமல் போவதுதான் முதல் ஆறு மாதத்தில் அதிகம் நடப்பது.

பெருக்கலில் இன்னொரு சிக்கல் வரும். 47×36 என்பதை அங்கே கட்டம் போட்டுப் பிரித்துச் செய்வார்கள்: 40×30=1200, 40×6=240, 7×30=210, 7×6=42; மொத்தம் 1692. சாயங்காலம் அப்பாவோ தாத்தாவோ "இது என்ன சுற்றுவழி, இப்படிப் போடு" என்று நம் வழியில் 282-க்குக் கீழே 141-ஐ ஓர் இடம் தள்ளி எழுதிக் காட்டுவார். இரண்டும் சரிதான். ஆனால் ஏன் ஓர் இடம் தள்ளுகிறோம் என்று பிள்ளைக்குத் தெரியாவிட்டால் இரண்டு முறையையும் கலந்து ஒரு மூன்றாவது விடை கொண்டுவந்துவிடும். கட்டமுறை கைவந்தபின் நம் முறையைக் காட்டுங்கள். அந்த 141 உண்மையில் 1410, அது 1200-ம் 210-ம் சேர்ந்தது என்று அவளே கண்டுபிடிக்கட்டும். வேகத்துக்கு நம் முறை நல்லது, அதை விட்டுவிடவும் வேண்டாம்.

தசமத்தில் ஒரு பொதுவான தவறு: 0.35, 0.5 இரண்டில் எது பெரியது என்றால் 0.35 என்பார்கள், 35 பெரிய எண் ஆயிற்றே! ரூபாய், பைசாவை வைத்து விளக்குவது நம் வழக்கம். 35 பைசா, 50 பைசா என்றால் உடனே புரியும். ஆனால் ஸ்டேஜ் 6-ல் 0.125 வரும்போது பைசா கைகொடுக்காது, அது இரண்டு இடத்தோடு நின்றுவிடும். ஆரம்பத்திலேயே தையல் டேப்பை எடுத்து மீட்டரில் காட்டுங்கள். 0.5 மீட்டர் என்பது 500 மி.மீ., 0.35 என்பது 350, 0.125 என்பது 125. மூன்றையும் விரலால் தொட்டுப் பார்த்த பிள்ளை பிறகு மாற்றிச் சொல்லாது.

அறிவியலில் உயிரியல், வேதியியல், இயற்பியல், பூமியும் விண்வெளியும் என நான்கு பிரிவு. எலும்பு, தசை, மின்சுற்று, செரிமானம், நீர்ச் சுழற்சி, ரத்த ஓட்டம், நிறைக்கும் எடைக்கும் வேறுபாடு என்று தலைப்புகள் பழக்கமானவைதான். ஸ்டேஜ் 6-ல் பருவமடைதலில் உடலில் வரும் மாற்றங்களும் பாடமாக உண்டு. வகுப்பில் முதன்முதலாகக் கேட்டு மிரளாமல், அதற்கு முன்பே அம்மாவோ பாட்டியோ நிதானமாகப் பேசிவிடுவது நல்லது.

அறிவியலில் புதிதாகப் பழக வேண்டியது சோதனை எழுதுவது. ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை எல்லாம் அப்படியே வைத்துச் செய்வதை அங்கே "ஃபேர் டெஸ்ட்" என்பார்கள். தண்ணீர் சூடாக இருந்தால் சர்க்கரை சீக்கிரம் கரையுமா என்று பாருங்கள். மூன்று டம்ளரிலும் 100 மி.லி. தண்ணீர்: ஒன்று ஃபிரிட்ஜில் இருந்தது, ஒன்று சாதாரணம், ஒன்று கை பொறுக்கும் சூடு. கொதிநீர் வேண்டாம். ஒவ்வொன்றிலும் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சர்க்கரை. ஒரே வேகத்தில் கலக்கி, கரையும் நேரத்தை மொபைல் ஸ்டாப்வாட்சில் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் மூன்று முறை.

எங்கே கெடும்? ஸ்பூன் ஒருமுறை குவிந்திருக்கும், ஒருமுறை தட்டையாக இருக்கும். சுடுநீர்தான் ஜெயிக்கும் என்று நினைத்த பிள்ளை அந்த டம்ளரைத் தன்னை அறியாமல் வேகமாகக் கலக்கும். மூன்றாவது முறை செய்வதற்குள் சூடுநீர் ஆறியிருக்கும். ஒவ்வொரு முறையும் புதிதாக ஊற்றி தெர்மாமீட்டரில் பார்த்துக் குறிக்க வேண்டும். எல்லாவற்றையும் விட, முதலில் எழுதிய கணிப்பு தப்பாகப் போனால் ரப்பரால் அழித்து விடைக்கு ஏற்ப மாற்றி எழுதிவிடுவார்கள். கணிப்பு தவறினால் மதிப்பெண் குறையாது. காரணம் சொல்லாத கணிப்பும், அளவில்லாத முடிவும்தான் குறைக்கும். "சுடுதண்ணி ஃபர்ஸ்ட்" என்பது முடிவு ஆகாது. "வெப்பநிலை கூடக் கூட, கரையும் நேரம் குறைகிறது" என்று எண்களோடு எழுத வேண்டும். மாற்றியது வெப்பநிலை என்பதால் கோட்டு வரைபடம். பொடிச் சர்க்கரை, கற்கண்டு, வெல்லம் என்று வகையை மாற்றியிருந்தால் பட்டை வரைபடம். இதில் பெரியவர்களே சறுக்குவார்கள்.

ஆங்கிலத்தில் பாடத்தின் பின்னால் உள்ள கேள்வி-பதிலை மனப்பாடம் செய்யும் வழி முற்றிலும் அடைபடும். பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்துக் கேட்பார்கள். "அவன் மழைக்கோட்டைக் கழற்றாமலே கதவருகில் நின்றான். கடிகாரத்தை மூன்றாவது முறையாகப் பார்த்தான்" என்று இருக்கும், "அவன் மனநிலை என்ன?" என்று கேள்வி வரும். "பதற்றமாக இருக்கிறான்" என்பது பாதிப் பதில். மூன்றாவது முறையாகக் கடிகாரம் பார்த்ததை எடுத்துக் காட்டினால்தான் முழுப் பதில். இதை ஆங்கிலத்தில்தான் பழக வேண்டும் என்று இல்லை. ராத்திரி தமிழ்க் கதை வாசிக்கும்போது "எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேட்டாலே போதும், அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்கும் போய்விடும். கட்டுரையில் முதல் வரைவைத் திருத்தி மறுபடி எழுதுவது வழக்கம். நோட்டில் அடித்தல் திருத்தல் நிறைய இருந்தால் கோபப்படாதீர்கள்.

"குளோபல் பெர்ஸ்பெக்டிவ்ஸ்" என்று ஒரு பாடமும் இருக்கலாம். தகவல் தேடுவது, அலசுவது, குழுவாகச் செய்வது, எடுத்துச் சொல்வது எல்லாம் அதில் வரும். சார்ட் பேப்பரை அம்மா வரைந்து கொடுத்தால் அந்தப் பாடமே வீண்.

பரீட்சையே இல்லை என்பது முழு உண்மை இல்லை. ஸ்டேஜ் 6 முடிவில் "பிரைமரி செக்பாயின்ட்" என்று ஒரு தேர்வு உண்டு. ஆங்கிலம், கணக்கு, அறிவியல் விடைத்தாள்களைக் கேம்பிரிட்ஜே திருத்தும். 0 முதல் 50 வரை மதிப்பெண், அதை ஐந்து படிநிலைகளாகப் பிரிப்பார்கள். பாஸ், ஃபெயில் கிடையாது. பள்ளி விரும்பினால் எழுத வைக்கும், எனவே எழுத வைக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளியாள் திருத்திய ஒரே ரிப்போர்ட் அதுதான். அடுத்தாற்போல ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலரேட் என்ற இன்னொரு சர்வதேசப் பாடத்திட்டம்) பள்ளியையும் பார்ப்பதாக இருந்தால், அதன் தொடக்க நிலையில் இப்படி ஒரு வெளித்தேர்வு இல்லை. வருடம் முழுக்க ஆறு பெரிய கருப்பொருள்களைச் சுற்றிப் பாடங்கள் ஓடும், கடைசி வருடத்தில் பிள்ளைகளே ஒரு பிரச்சினையை எடுத்து ஆராய்ந்து "எக்ஸிபிஷன்" நடத்துவார்கள்.

சி.பி.எஸ்.இ.க்குத் திரும்புவது பற்றி. கணக்கு, அறிவியலில் சிக்கல் குறைவு; எதிர்மறை எண்களும் பின்னமும் 2024-ல் வந்த புதிய என்.சி.இ.ஆர்.டி. 6-ம் வகுப்புப் புத்தகத்திலும் உண்டு. இடறுவது வேறு இடங்களில். முதலாவது, எண் எழுதும் முறை. அங்கே 1 234 567 என்று மும்மூன்று இலக்கமாகப் பிரித்து மில்லியனில் படிப்பார்கள், இங்கே 12,34,567. இரண்டு வருடம் மில்லியனில் பழகிய பிள்ளை லட்சத்தில் தடவும். 10 லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி 10 மில்லியன் என்பதை ஒரு தாளில் எழுதி ஒட்டி, வாரம் ஐந்து எண்களை இரண்டு விதமாகவும் வாசிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, சமூக அறிவியல். செக்பாயின்ட்டில் அது இல்லாததால் இந்திய வரலாறும் குடிமையியலும் எவ்வளவு நடக்கும் என்பது பள்ளியின் விருப்பம். மூன்றாவது, மொழிகள். தமிழுக்கு வாரம் எத்தனை பீரியட் என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள், "உண்டு" என்ற பதிலோடு விடாதீர்கள். அது குறைவாக இருந்தால் தினம் ஒரு பக்கம் வாசிப்பு, வாரம் ஒரு பத்தி எழுத்து வீட்டில் நடந்தாக வேண்டும். இந்தியையோ வேறு மூன்றாம் மொழியையோ விட்ட இடத்திலிருந்து பிடிக்க ஒரு வருடம் போகும். எழுதும் வேகமும் குறைந்திருக்கும். மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பழகாத கை அது. மாறுவதற்கு முந்தைய நான்கைந்து மாதம் கடிகாரம் வைத்து எழுத வையுங்கள்.

வெளியே வர நேர்ந்தால் ஸ்டேஜ் 6 முடிவு அல்லது அதற்கு முன் வருவது நல்லது. 8, 9-க்குப் பிறகு மாறுவது பிள்ளைக்குப் பெரும் பாடு. டி.சி. வாங்கும்போது அதில் "5-ம் வகுப்பு" என்று இருக்கிறதா, வெறும் ஸ்டேஜ் எண் மட்டும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள். ஸ்டேஜ் எண்ணை வகுப்பு எண்ணாக எடுத்துக்கொண்டால் புதிய பள்ளியில் ஒரு வகுப்பு முன்பின் ஆகிவிடும்.