காவலுக்கு யார் கூலி கொடுப்பது?

அன்புள்ள ஐயா,

எங்கள் நகர மன்றத்தில், மன்றமே வீடு கட்டி வாடகைக்கு விடும் பொதுக் குடியிருப்புத் திட்டம் பற்றி மூன்று அமர்வுகளாக விவாதம் நடக்கிறது. வீடு கட்டுவதில் எல்லோருக்கும் சம்மதம். தீத்தடுப்புச் சோதனை, பராமரிப்பு ஆய்வு, குடியிருப்போரின் புகார்களுக்குத் தனி அலுவலகம், கணக்குத் தணிக்கை ஆகியவற்றுக்குப் பணம் எங்கிருந்து என்பதில்தான் இழுபறி. வாடகையை ஏற்றலாம் என்கிறார் ஒரு உறுப்பினர். கட்டுமானத் தொகையிலேயே எடுக்கலாம் என்கிறார் இன்னொருவர். எனக்கு ஒன்று தோன்றுகிறது. இத்தனை பேர் வீட்டுக்குக் காத்திருக்கையில், ஆய்வாளர் சம்பளத்தில் இன்னும் நாலு வீடு கட்டலாமே? முதலில் கூரை, இந்தக் கண்காணிப்புக் காவல் அப்புறம் என்று நினைப்பது தவறா? அடுத்த அமர்வில் பேச அனுமதி கேட்டிருக்கிறேன்.

உங்கள் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

காத்திருப்பவர்களை நினைத்துக் கேட்கிறீர்கள், அதை மதிக்கிறேன். ஆனால் பொதுக் குடியிருப்புகளின் வரலாற்றில் அந்த ‘அப்புறம்’ பெரும்பாலும் வந்ததே இல்லை.

வாடகை யோசனையை முதலில் எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1950களின் நடுவில் புரூயிட்-ஐகோ என்ற பொதுக் குடியிருப்பு எழுந்தது. 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடி. கட்டப் பணம் கொடுத்தது நடுவண் அரசு. பராமரிப்பை வாடகையிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. செலவை மிச்சப்படுத்த லிஃப்ட் மூன்று மாடிக்கு ஒரு முறைதான் நிற்கும். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கையில் பையோடு வரும் தாய், மீதி மாடியை இருட்டுப் படிக்கட்டில் கடக்க வேண்டும். வழிப்பறி நடந்ததும் அந்தப் படிக்கட்டுகளில்தான். மக்கள் வெளியேற வெளியேற வாடகை வரவு சுருங்கியது. பழுது பார்க்கக் காசில்லை. பழுதைப் பார்த்து இன்னும் பலர் போனார்கள். மிஞ்சிய ஏழைகளின் தலையில் வாடகை ஏறியது. 1969ல் அந்நகரின் பொதுக் குடியிருப்புகளில் வாடகை தர மறுத்துப் போராட்டமே நடந்தது. வாடகை, குடியிருப்பவரின் வருமானத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று அதே ஆண்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஆனால் புரூயிட்-ஐகோவைக் காப்பாற்ற முடியவில்லை. 1972ல் வெடிவைத்து இடிக்கத் தொடங்கினார்கள்.

கட்டுமானத் தொகையில் எடுக்கும் யோசனையும் ஆபத்துதான். விலை ஏறும்போது முதலில் கை வைப்பது காவல் செலவில்தான். லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பைப் புதுப்பித்தபோது, துத்தநாகப் பலகைக்குப் பதில் மலிவான, எளிதில் தீப்பிடிக்கும் அலுமினியக் கலவைப் பலகையைச் சுவரில் பொருத்தினார்கள். ஆபத்து இருக்கிறது என்று குடியிருந்தவர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். 2017 ஜூன் 14 தீ விபத்தில் 72 உயிர்கள் போயின. அந்தக் கட்டடத்தின் உரிமையாளரே உள்ளூர் மன்றம்தான்.

நியூயார்க் கதை இன்னொரு பாடம். நஞ்சான ஈயம் கலந்த பெயின்ட் இருக்கிறதா என்ற சோதனைகளைச் செய்யாமலேயே செய்ததாக அங்குள்ள குடியிருப்பு ஆணையம் பல ஆண்டுகள் சான்று கொடுத்துவந்தது. பழைய சன்னலை ஏற்றி இறக்கும்போதெல்லாம் சட்டகம் உரசி, பெயின்ட் தூளாகிச் சன்னல் திண்டில் விழும். நிற்கப் பழகும் குழந்தை பிடித்துக்கொள்வதும் அதே திண்டைத்தான், அந்தக் கைதான் வாய்க்குப் போகும். 2019ல் ஆணையம் வெளியிலிருந்து ஒரு கண்காணிப்பாளரை ஏற்க வேண்டியதாயிற்று. நகரமும் 10 ஆண்டுகளில் 220 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. முன்பே கொஞ்சம் செலவழித்திருந்தால் போதுமே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 2024ல் அதே ஆணையத்தின் இந்நாள், முன்னாள் ஊழியர்கள் 70 பேர் மீது லஞ்ச வழக்கு. டெண்டர் இல்லாமல் கொடுக்கக்கூடிய சிறு சிறு பழுது வேலைகளுக்குப் ஒப்பந்தத் தொகையில் பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதம் வரை லஞ்சம் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. வேலியே பயிரை மேய்ந்தால் சோதனைச் சான்றுக்கு என்ன மதிப்பு?

ஆகவே என் கருத்து இதுதான். கண்காணிக்கப்படுகிறவர் திறந்து மூடக்கூடிய பெட்டியில் காவலுக்கான பணம் இருக்கக்கூடாது. பொது வரியிலிருந்து தனிக் கணக்குத் தலைப்பு வேண்டும். திட்டம் ஒப்புதல் பெறும் அன்றே அதில் தொகை விழ வேண்டும், வேறு செலவுக்கு மாற்ற முடியாதபடி விதி வேண்டும். ஆய்வாளர் குடியிருப்புத் துறைக்குக் கீழே இல்லாமல் மன்றத்துக்கு நேரடியாக அறிக்கை தர வேண்டும். ஏழை நகரத்துக்கு இது கட்டுப்படியாகுமா என்பார்கள். முதல் உலகப்போரில் நொடித்துப்போன ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா 1923ல் வீட்டு வரி போட்டது. பெரிய மாளிகைக்காரர்களிடம் அதிகமாக, சின்ன வீட்டுக்காரர்களிடம் குறைவாக. அந்தப் பணத்தில் கட்டிய குடியிருப்புகளில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள்.

இதனால் நாலு வீடு குறையும் என்பது உண்மை. அதை ஒளிக்காமல் காத்திருப்பவர்களிடம் மன்றம் சொல்லட்டும்.

அமர்வில் உங்களுக்கு நேரம் அதிகம் கிடைக்காது. ஒன்றை மட்டும் கேளுங்கள்: சோதனை அறிக்கையின் நகல், அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவரின் கையில் எத்தனை நாளில் கிடைக்கும்? பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்