செல் மேலிருக்கும் சர்க்கரையைப் படித்தால் வேலை கிடைக்குமா?

வணக்கம் ஐயா. மகள் எம்.எஸ்சி. முடித்த கையோடு கிளைக்கோகேலிக்ஸில், அதாவது செல்லைப் போர்த்தியிருக்கும் சர்க்கரைப் படலத்தில், பிஎச்.டி. செய்யப் போகிறேன் என்கிறாள், இதற்கெல்லாம் யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தலைப்பைப் பார்த்து யாரும் வேலைக்கு எடுப்பதில்லை. எந்தக் கருவியில் கை தேர்ந்திருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

முதலில், அவள் படிக்கப்போவது என்ன? ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்கள்மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஏறிய புரதங்கள் அடர்ந்து நிற்கின்றன. சல்பேட்டும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையும் நிறைய இருப்பதால் அந்தப் படலத்துக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதம் எளிதில் வெளியே கசியாமல் தடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு. கிருமித்தொற்று முற்றி உடலையே பாதிக்கும் செப்சிஸில் படலம் சிதைந்தால் நீரும் புரதமும் கசிந்து திசு வீங்கிவிடும். வெள்ளையணுவையும் சாதாரண நேரத்தில் அது நெருங்க விடாது. அழற்சி வந்தால் கதை மாறும்: சுவரில் செலக்டின் என்ற ஒட்டும் புரதம் தோன்றி வெள்ளையணுவின் சர்க்கரை நுனியைப் பிடிக்க, அணு உருண்டு, வேகம் குறைந்து, இன்டெக்ரின் என்ற இன்னொரு ஒட்டும் புரதம் இறுக்கியதும் நின்று, சுவரைக் கடக்கும். ஃப்ளூ வைரஸ் செல்லில் ஒட்டுவதும் சியாலிக் அமிலத்தைப் பற்றித்தான்.

இனி சம்பளம். புரதத்தின் வரிசை மரபணுவில் எழுதியிருக்கிறது. சர்க்கரைச் சங்கிலிக்கு அப்படி அச்சு கிடையாது, நொதிகள் ஒவ்வொன்றாகக் கோக்கின்றன. அதனால் மரபணுவைப் படித்து மட்டும் சங்கிலியைச் சொல்லிவிட முடியாது. மூலக்கூறின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் போன்ற கருவிகளில் ஆராய்ந்தாக வேண்டும். ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரத) மருந்தில் ஃபியூகோஸ் என்ற ஒரே சர்க்கரை குறைந்தாலும், நோயுற்ற செல்லைக் கொல்ல உடலின் நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டும் திறன் கூடிவிடும். எனவே மருந்து நிறுவனங்களுக்கு இந்தச் சோதனை தெரிந்தவர்கள் வேண்டும். நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசியும் அந்தக் கிருமியின் சர்க்கரை உறையை வைத்துச் செய்வதுதான்.

உறவினர்கள் கேட்டால், 2022 வேதியியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவரான கரோலின் பெர்டோஸி செல்மேல் சர்க்கரையைத் தேடியவர்தான் என்று சொல்லுங்கள். வாய் அடைபடும்.

சர்க்கரைச் சங்கிலியை ஆய்வகத்தில் கட்டுவது மட்டும் பொறுமையைச் சோதிக்கும் வேலை. வேதியியலில் பிடிப்பில்லாவிட்டால் வேண்டாம். அவளுக்கு இயற்பியல் பிடிக்குமென்றால், மெல்லிய குழாயில் செல்களை ஓடவிட்டு நுண்ணோக்கியில் ஒட்டும் விசையை அளக்கும் குழுக்களைத் தேடலாம். விண்ணப்பிக்குமுன் அந்த ஆய்வகத்தில் பிஎச்.டி. முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், கருவியை மாணவர்களே இயக்குகிறார்களா என்ற இரண்டையும் அவளே எழுதிக் கேட்கட்டும். நீங்கள் கேட்க வேண்டாம்.