பயணச்சீட்டைப் பிள்ளையின் கையில் கொடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

பதின்பருவத்தில் மறக்க முடியாத பயணம் எது, அது என்ன கற்றுத் தந்தது என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். பிள்ளைகள், பெற்றோர், ஆசிரியர்கள் எனப் பலரும் எழுதியிருந்தார்கள். அனுபவங்களோடு கேள்விகளும் நிறைய வந்தன. சிலவற்றுக்கு இங்கே விடை.

கே: கோடை விடுமுறையில் குடும்பத்தோடு காரில் ஊட்டிக்குப் போய்வந்தோம். பத்தாம் வகுப்பு முடித்த மகன் மூன்று நாளும் கைப்பேசியிலிருந்து தலை நிமிரவில்லை. இவ்வளவு செலவு செய்து அழைத்துப் போனதில் என்ன பயன்?
– ஒரு தாய், கரூர்

ப: உங்கள் வருத்தம் நியாயமானதே. ஆனால் அந்த மூன்று நாளில் அவனுக்கென்று என்ன பொறுப்பு இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். விடுதியைத் தேர்ந்ததும், வண்டி ஓட்டியதும், எங்கே எப்போது சாப்பிடுவது என்று முடிவு செய்ததும் பெரியவர்கள். பின்னிருக்கையில் ஏறி உட்காருவதும் நிறுத்திய இடத்தில் இறங்கிப் படத்துக்கு நிற்பதும்தான் அவனுடைய பங்கு. ஐந்து வயதில் அது போதும். பதினைந்து வயதில் போதாது.

அடுத்த முறை காரை வீட்டில் விட்டுவிட்டு மலை ரயிலில் போங்கள். அந்தப் பயணத்தை அவனே ஏற்பாடு செய்யட்டும். முன்பதிவு 60 நாளைக்கு முன்பு திறக்கும் என்பதையும், மேட்டுப்பாளையத்துக்குக் காலையில் எந்த வண்டியில் போய்ச் சேர்வது என்பதையும் அவன் தேடிக் கண்டுபிடிக்கட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை 46 கிலோமீட்டர். ஏறுவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வெட்டிய இரும்புப் பட்டை தொடங்கும். எஞ்சினுக்கு அடியிலுள்ள பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. எஞ்சின் முன்னே நின்று இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. அதனால் முதல் பெட்டியின் முகப்பில் கொடியோடு ஓர் ஊழியர் வழியைப் பார்த்தபடி நிற்பார்; மற்றப் பெட்டிகளிலும் தனித்தனியே பிரேக் பிடிக்க ஆள் உண்டு. எதற்காக இத்தனை பேர் என்று வண்டி நிற்கும் இடத்தில் அவர்களில் ஒருவரிடமே அவன் கேட்கட்டும். குன்னூர் வரை 1899இலும் உதகை வரை 1908இலும் வந்த பாதை இது; 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்தது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், உதகை சுமார் 2,200 மீட்டர். உயரம் கூடக் கூட வெப்பநிலை குறையும் என்று புவியியல் பாடத்தில் அவன் படித்தது, குன்னூருக்கு முன்பே சுவெட்டரைத் தேடும்போது அவனுக்குப் புரிந்துவிடும்.

இன்னொன்றும் செய்யுங்கள். ஒரு நாள் செலவுக்கான பணம் முழுவதையும் அவனிடம் கொடுத்து, எல்லோருடைய சாப்பாடும் பேருந்தும் அதற்குள் அடங்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். தவறான நடைமேடைக்கு அழைத்துப் போனாலும் மதியமே பணத்தைத் தீர்த்துவிட்டாலும் ஏசாதீர்கள். திருத்திக்கொள்ளப் போதிய நேரம் வைத்துக்கொண்டு கிளம்புவது மட்டும் உங்கள் பொறுப்பு. கைப்பேசி அப்போதும் அவன் கையில் இருக்கும். ஆனால் அதில் ரயில் நேரம் பார்த்துக்கொண்டிருப்பான்.

கே: பள்ளிச் சுற்றுலாவில் ராமேசுவரம் சென்றோம். கோயில் பிராகாரத்தைவிட எனக்கு நினைவில் நிற்பது தனுஷ்கோடியில் கண்ட ஒரு காட்சிதான். கடலுக்குச் சற்றுத் தள்ளி மணலில் தோண்டிய சிறு குழியிலிருந்து ஒரு பாட்டி கிண்ணத்தால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். வாங்கிக் குடித்துப் பார்த்தேன், உப்பே இல்லை. அதற்குள் பேருந்துக்கு அழைத்துவிட்டார்கள். கடலருகே நல்ல தண்ணீர் எப்படி வந்தது?
– பதினோராம் வகுப்பு மாணவி, புதுக்கோட்டை

ப: இந்த முறை வந்த மடல்களில் என்னை மிகவும் மகிழ்வித்தது உன்னுடையதுதான் அம்மா. பேருந்துக்கு அழைத்த அவசரத்திலும் நின்று ஒரு வாய் குடித்துப் பார்த்தாய் அல்லவா, அதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

அங்கே பெய்யும் மழை மணலுக்குள் இறங்குகிறது. கீழே ஏற்கெனவே கடல்நீர் ஊறிக் கிடக்கிறது. உப்பு நீர் கனமானது, மழைநீர் அதைவிட இலேசானது. ஆகவே இரண்டும் எளிதில் கலந்துவிடாமல், மழைநீர் மேலே ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. கொஞ்சம் தோண்டினால் நல்ல நீர் ஊறும். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினாலோ, விசைக் குழாய் வைத்து உறிஞ்சினாலோ அடியிலுள்ள உப்பு மேலேறிவிடும். அந்தப் பாட்டி குழியைச் சிறிதாக வைத்துக் கிண்ணத்தால் மொண்டது ஏழ்மையினால் மட்டுமன்று. அந்த மணலில் நீர் எடுக்க அதுவே சரியான முறை. நிலத்தடி நீரைப் பற்றிப் பல பக்கங்கள் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதை அவர் தம் கைப்பழக்கத்தில் வைத்திருக்கிறார்.

அவர் ஏன் அங்கே இருக்கிறார் என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடி இரு நாடுகளை இணைக்கும் துறைமுகமானது. சென்னை எழும்பூரில் போட் மெயில் என்ற ரயிலில் ஏறியவர்கள் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மீண்டும் ரயிலில் கொழும்பு சேர்ந்தார்கள். ரயில் நிலையம், அஞ்சல் நிலையம், தேவாலயம், பள்ளி எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில், தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில் அலையில் அடித்துச் செல்லப்பட்டது. அதில் வந்தவர்கள் எவரும் பிழைக்கவில்லை. சேதமடைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சீரமைத்துவிட்டார்கள். அப்பணியை முன்னின்று நடத்திய இளம் பொறியாளர்தான், பிற்காலத்தில் கொங்கண் ரயில் பாதையையும் டெல்லி மெட்ரோவையும் உருவாக்கிய இ. ஸ்ரீதரன். ஆனால் தனுஷ்கோடி வரையிலான பாதை மீண்டும் போடப்படவில்லை. ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்துவிட்டது. இன்று அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது, பாம்பனில் 2025 ஏப்ரலில் புதிய தூக்குப் பாலமும் வந்துவிட்டது. மீனவக் குடும்பங்கள் சில மட்டும் அந்த மணலை விட்டுப் போகாமல், மீனையும் இந்த ஊற்றுகளையும் நம்பி வாழ்கின்றன.

மீண்டும் போக வாய்த்தால் பெற்றோரோடு போய் அரை நாள் அங்கேயே இரு. இடிந்த சுவர்முன் படம் எடுப்பதோடு திரும்பிவிடாமல், புயலைக் கண்டவர்கள் யாரேனும் இருந்தால் அவர்களிடம் கேள். அன்று பிறந்த குழந்தைக்கே இப்போது அறுபது வயது கடந்துவிட்டது. கேட்பதற்கு இன்னும் அதிக காலம் இல்லை.

கே: கபடிப் போட்டிக்காக டெல்லி சென்றேன். இந்தியும் தெரியாது, ஆங்கிலமும் பேச வரவில்லை. உணவுக்கூடத்தில் என்ன வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட்டு இரண்டு வேளை பட்டினி கிடந்தேன். நல்ல நினைவாக இருக்க வேண்டிய பயணம் அவமானமாகிவிட்டது.
– பதினேழு வயது மாணவர், தேனி மாவட்டம்

ப: தம்பி, 1888 செப்டம்பர் 4 அன்று பம்பாயில் கப்பலேறிய ஒரு பதினெட்டு வயது இளைஞருக்கும் இதுவே நேர்ந்தது. ஆங்கிலத்தில் பேசக் கூச்சம், கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாது, எந்த உணவில் இறைச்சி இல்லை என்று கேட்கத் தயக்கம். சாப்பாட்டு மேசைக்கே போகாமல், கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் தின்றுகொண்டு அறையிலேயே அடைந்து கிடந்தார். செப்டம்பர் இறுதியில் இங்கிலாந்தில் இறங்கியபோது, வெள்ளை உடையில் வந்தது தாம் ஒருவர்தான் என்று கண்டு குன்றிப்போனார். அவர் காந்தியடிகள். இவற்றையெல்லாம் பின்னாளில் அவரே ஒளிக்காமல் எழுதினார்.

உன் பட்டினிக்குக் காரணம் மொழி தெரியாதது அன்று, கேட்காமல் இருந்ததுதான். கையால் சுட்டிக் காட்டியிருந்தாலே சோறு வந்திருக்கும். அடுத்த போட்டிக்குள் இந்தியில் ஒரு பத்துச் சொற்களையாவது, அதாவது தண்ணீர், சாப்பாடு, எவ்வளவு, எங்கே, நன்றி போன்றவற்றைக் கற்றுக்கொள். மாவட்டத்திலிருந்து டெல்லி வரை ஆடிப் போனவன் நீ. அதில் அவமானம் எங்கே இருக்கிறது?

கே: தோழிகள் மூவரோடு தரங்கம்பாடி போய்வர விரும்புகிறேன். "பெண்பிள்ளைகள் தனியாகவா?" என்று வீட்டில் மறுக்கிறார்கள். இதே வயதில் அண்ணன் நண்பர்களோடு கோவா போனான்.
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

ப: உன் கோபம் சரியானது. பதினேழு வயது ஆணுக்குக் கேள்வியே இல்லாமல் கிடைக்கும் பயிற்சி அதே வயதுப் பெண்ணுக்கு மறுக்கப்படுவதால்தான், வேலைக்கோ மேற்படிப்புக்கோ வெளியூர் போகும்போது அவள் எல்லாவற்றையும் ஒரே நாளில் கற்க வேண்டியிருக்கிறது. இதைப் படிக்கும் பெற்றோர் யோசிக்க வேண்டும்.

ஆயினும் அவர்களுடைய பயத்தை வாதத்தால் போக்க முடியாது, பழக்கத்தால்தான் முடியும். முதலில் திருவையாறு, கல்லணை என்று அருகிலேயே தொடங்குங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மகளிருக்குக் கிடைத்த இந்த விடுதலையை உன் வயதுப் பெண்கள் இன்னும் முழுதாகப் பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம். பிறகு தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம். எந்தப் பேருந்து, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போய், சொன்ன நேரத்துக்குத் திரும்பி வாருங்கள். சிறார் உதவிக்கு 1098, பெண்கள் உதவிக்கு 181, ரயிலில் 139 என்ற எண்கள் நால்வருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். தரங்கம்பாடிக்கு டேனிஷ்காரர்கள் வந்தது 1620இல். அவர்கள் கட்டிய கோட்டை இன்னும் கடற்கரையில்தான் நிற்கிறது. சில மாதம் பொறுத்துப் போனாலும் அது அங்கேயே இருக்கும்.

கே: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டு நாள் சுற்றுலா அழைத்துப் போகிறோம். மதுரை, கொடைக்கானல், ஒரு கேளிக்கைப் பூங்கா என்று திட்டம். கல்வியும் இருக்க வேண்டும் என்கிறார் தலைமையாசிரியர்.
– அரசுப் பள்ளி ஆசிரியர், விருதுநகர் மாவட்டம்

ப: இரண்டு நாளில் மூன்று இடம் என்றால் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பது பேருந்து மட்டுமே. பூங்காவை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சிரித்து விளையாடவும் அவர்களுக்கு உரிமை உண்டு. கொடைக்கானலை விட்டுவிட்டு அந்த நேரத்தைக் கீழடிக்குக் கொடுங்கள். 2015இல் அகழாய்வு தொடங்கிய அந்த ஊரில் 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வரிசையாக நடத்திக் காட்டி முடித்துவிடாமல், ஆளுக்கு ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதன்முன் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து வரையச் சொல்லுங்கள். ஒருத்தி தந்தத்தில் செய்த பகடையைத் தேர்வாள், ஒருவன் சுடுமண் வட்டச்சில்லைத் தேர்வான். பானை ஓட்டில் ஆதன், குவிரன் என்று கீறிவைத்த பெயர்களைக் கண்டால், தன் தட்டிலும் சாப்பாட்டு டப்பாவிலும் பெயர் எழுதும் பிள்ளை அங்கேயே நின்றுவிடும்.

ரயிலில் போவதாக இருந்தால், கல்விச் சுற்றுலாவுக்கு மாணவர்களுக்கு உள்ள 50 சதவீதக் கட்டணச் சலுகை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கிராமப்புற அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை இரண்டாம் வகுப்பில் 75 சதவீதம். தலைமையாசிரியரின் சான்றோடு முன்கூட்டியே நிலையத்தில் விண்ணப்பியுங்கள்.

கே: பயணக் குறிப்பு எழுத வேண்டும் என்கிறார் தமிழாசிரியர். எல்லாவற்றையும் படம் எடுத்துவிட்டேனே, போதாதா?
– பத்தாம் வகுப்பு மாணவர், சேலம்

ப: போதாது. மார்க்கோ போலோ வெனிஸை விட்டுத் தந்தையோடும் சிற்றப்பாவோடும் கிளம்பியது 1271இல், உன்னைவிட இரண்டு வயதுதான் கூட. ஊர் திரும்ப இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. திரும்பும் வழியில் நம் கரைக்கும் வந்தார். ஜெனோவாச் சிறையில் 1298இல் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட குறிப்பில், இலங்கைக்கும் நம் கரைக்கும் இடையிலான முத்துக்குளிப்பு வருகிறது. முத்தின் அழகோடு நிறுத்தவில்லை அவர். கிடைத்ததில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, மூழ்குவோரைப் பெரிய மீன்கள் தாக்காதபடி மந்திரம் சொல்பவருக்கு இருபதில் ஒரு பங்கு என்று கணக்கையும் சொல்கிறார். எந்தப் படத்திலும் பிடிபடாத செய்தி அது. நீயும் விலை, கூலி, வாசனை, வழி சொன்னவர் பேசிய பேச்சு ஆகியவற்றை அன்றிரவே எழுதிவிடு. காட்சிகளுக்குப் படம் இருக்கிறது.

கே: மகள் அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு. தேர்வு முடியும்வரை பயணமே வேண்டாம் என்று நினைக்கிறேன்.
– ஒரு தந்தை, திருநெல்வேலி

ப: ஓராண்டு முழுவதும் அடைத்து வைக்காதீர்கள். ஆதிச்சநல்லூர் உங்கள் ஊரிலிருந்து சுமார் 24 கிலோமீட்டர், திருச்செந்தூர்ச் சாலையிலேயே இருக்கிறது. தோண்டிய குழிகளில் முதுமக்கள் தாழிகள் இருந்த இடத்திலேயே இருக்க, மேலே பதித்த கண்ணாடித் தளத்தில் நின்று குனிந்து பார்க்கலாம். பேருந்து எது, எங்கே இறங்குவது என்பதை அவளே விசாரிக்கட்டும். நீங்கள் உடன் போனால் போதும். ஞாயிறு காலை கிளம்பினால் மாலைப் படிப்புக்கு வீடு திரும்பிவிடலாம்.