தெஹ்ரானில் பொறுப்புத் தூதராக இருந்த புரூஸ் லேங்கன் உண்மையில் பிணைக்கைதிதானா? அவருடைய வாழ்க்கை எப்படி இருந்தது?

1979இல் தெஹ்ரானிலிருந்த அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது லேங்கன் அங்கே இல்லை என்றும், அவர் ஈரான் வெளியுறவு அமைச்சகத்தின் வரவேற்பறையில்தான் இருந்தார் என்றும், அப்படிப்பட்டவரைக் கட்டிவைக்கப்பட்டவர்களோடு சேர்த்து எண்ணுவது நியாயமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்று நினைக்கிறேன். தேர்வுக்கு வேண்டிய விடை ஒரே வரியில் முடிந்துவிடும்: ஆம், ஈரானில் 444 நாட்கள் பிணைக்கைதிகளாக இருந்த 52 அமெரிக்கர்களில் அவரும் ஒருவரே. ஆனால் "அறையில் வசதியாகத்தானே இருந்தார்" என்ற தொனியில் எழுப்பப்படும் கேள்வியை என்னால் கடந்துபோக முடியவில்லை. அதற்குக் காரணம் என் தம்பி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் நடந்தவை. லேங்கன் அங்கே தூதர் அல்லர். தூதர் பதவி காலியாக இருந்த நிலையில் தூதரகத்தை நடத்திவந்த பொறுப்புத் தூதர். புரட்சியில் ஆட்சியிழந்த ஈரான் மன்னர் ஷாவை அமெரிக்காவுக்குள் அனுமதித்தால் தெஹ்ரானிலுள்ள அமெரிக்கர்களுக்கு ஆபத்து நேரும் என்று அவர் தம் அரசை முன்கூட்டியே எச்சரித்திருந்தார். ஆனாலும் அக்டோபர் 22 அன்று ஷா மருத்துவச் சிகிச்சைக்காக நியூயார்க் வந்து சேர்ந்தார். நவம்பர் 4 அன்று காலை லேங்கன், அரசியல் பிரிவைச் சேர்ந்த விக்டர் டாம்செத்துடனும் பாதுகாப்பு அலுவலர் மைக் ஹௌலாண்டுடனும் அமைச்சகத்துக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பும் நேரத்தில், ஈரானிய மாணவர்கள் மதிலேறிக் குதித்துத் தூதரகத்துக்குள் நுழைந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. தூதரகத்தைப் பாதுகாக்கும் கடமை ஈரான் அரசுக்கே உரியது என்பதால் மூவரும் உதவி கேட்டு அமைச்சகத்துக்கே திரும்பினார்கள். கேட்ட உதவி வரவில்லை. இரண்டு நாட்களில் பிரதமர் பஸர்கானின் அரசே பதவி விலகியது. மூவரும் அங்கேயே தங்கவைக்கப்பட்டார்கள்.

ஈரான் தரப்பு இதைக் காவல் என்று சொல்லவில்லை, பாதுகாப்பு என்றது. வெளியே போகலாம், ஆனால் போனால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று ஒருவரிடம் சொல்வது சிறைவைப்பதிலிருந்து எந்த விதத்தில் வேறுபடுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. பன்னாட்டு நீதிமன்றத்துக்கும் அந்த வேறுபாடு தெரியவில்லை. 1980 மே 24 அன்று அது அளித்த தீர்ப்பு, பொறுப்புத் தூதரைச் சட்டவிரோதமாகத் தடுத்துவைத்திருப்பதை உடனே நிறுத்த வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. உங்கள் முதல் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் தர முடியாது.

தூதரக வளாகத்தில் பிடிபட்டவர்கள் பட்ட துன்பம் கொடியது. தொடக்க வாரங்களில் கைகள் கட்டப்பட்டிருந்தன. ஒருவரோடொருவர் பேசத் தடை இருந்தது. 1980 பிப்ரவரியில் சிலரை நள்ளிரவில் எழுப்பிச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக்கொல்வதுபோல் மிரட்டினார்கள். லேங்கனுக்கு இவை நேரவில்லை. அவருடைய வேதனை வேறு வகையைச் சேர்ந்தது. தம் பொறுப்பில் இருந்த ஊழியர்கள் அதே நகரத்தில் கட்டுண்டு கிடக்கும்போது, அவர்களைப் பார்க்கவோ அவர்களுக்காகப் பேசவோ வழியின்றி, மெத்தை நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டிய நிலை அது. சுமையைப் பகிர்ந்துகொள்ள முடியாத தலைவனுக்குக் கிடைக்கும் வசதியை வசதி என்று கணக்கிடுவது தவறு என்பதே என் உறுதியான கருத்து.

அந்த அறையில் அவர்கள் சும்மாவும் இருந்துவிடவில்லை. பிடிபடாமல் தப்பிய ஆறு ஊழியர்கள் நகரில் ஒளிந்துகொள்ள இடமின்றி அலைந்தபோது, தாய்லாந்தில் பணியாற்றிய டாம்செத், அமைச்சகத்துத் தொலைபேசியிலிருந்தே ஒரு தாய்லாந்துச் சமையல்காரரிடம் தாய் மொழியில் பேசி அவர்களுக்குத் தற்காலிகப் புகலிடம் ஏற்பாடு செய்தார். ஒட்டுக்கேட்பவர்களுக்கு அந்த மொழி புரியாது அல்லவா? அந்த ஆறு பேரும் பின்னர் கனடா நாட்டினரின் பாதுகாப்பில் இருந்து, 1980 ஜனவரி இறுதியில் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். லேங்கன் நாட்குறிப்பு எழுதினார். கடைசி வாரங்களில் அவரையும் அங்கிருந்து சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

இனி என் தம்பி. சோமாலியக் கடற்கொள்ளை உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் அவன் ஒரு சரக்குக் கப்பலில் ஆயிலராக, அதாவது எஞ்சின் அறைத் தொழிலாளியாக இருந்தான். அந்தக் கப்பல் ஏடன் வளைகுடாவில் பிடிபட்டது. தூதரையும் கப்பல் தொழிலாளியையும் ஒப்பிடலாமா என்று சிலர் கேட்பார்கள். ஒருவர் பின்னால் ஒரு வல்லரசு நின்றது, மற்றவன் பின்னால் தூத்துக்குடியில் ஒரு குடும்பம் மட்டுமே நின்றது என்பதை நான் அறியாதவள் அல்லள். ஆனால் காத்திருப்பவர்களின் நிலை ஒன்றுதான். கப்பல் முதலாளிக்கு நெருக்கடி கொடுப்பதற்காகக் கொள்ளையர்கள் செயற்கைக்கோள் தொலைபேசியில் தம்பியைப் பேசவைப்பார்கள். அம்மா அவனிடம் "சாப்பிட்டாயா" என்று கேட்டு முடிப்பதற்குள் இணைப்பு துண்டிக்கப்படும். அந்த அழைப்பை அம்மா பல நாட்கள் மனத்துக்குள் ஓட்டிப்பார்த்து, அவன் குரல் தளர்ந்திருந்ததா, மூச்சு வாங்கியதா என்று எங்களிடம் கேட்டுக்கொண்டே இருப்பார்.

அவனை வேலைக்கு அனுப்பிய முகவர் நிறுவனம், பத்திரிகைகளிடம் பேசக் கூடாது, பேசினால் பிணைத்தொகை ஏறிவிடும் என்று எங்களைத் தடுத்தது. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்த எங்களுக்கு அவன் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் வீட்டுக்கு வரும் அலாட்மெண்ட் பணத்தையும் அந்த நிறுவனம் நிறுத்தியது; கப்பல் ஓடவில்லையாம், அதனால் சம்பளமும் இல்லையாம். கொள்ளையர் மீது எனக்கிருந்த கோபம் காலப்போக்கில் தணிந்துவிட்டது. அந்த அலுவலகத்தின் மீதுள்ள கோபம் தணியவில்லை.

அந்த நாட்களில்தான் லேங்கனின் மனைவி பெனலோப்பைப் பற்றிப் படித்தேன். மேரிலாந்தில் தம் வீட்டு முற்றத்து ஓக் மரத்தில் ஒரு மஞ்சள் நாடாவைக் கட்டி, கணவர் திரும்பி வந்து அவிழ்க்கும்வரை அது இருக்கும் என்றார் அவர். நாடு முழுவதும் மரங்களில் மஞ்சள் நாடாக்கள் தோன்றின. பிணைக்கைதிகளின் குடும்பங்கள் சேர்ந்து அமைத்த சங்கத்திலும் அவர் முன்னின்று உழைத்தார். குடும்பங்கள் பேசலாம், பேசினால் குடி முழுகிவிடாது என்ற துணிவை எனக்குக் கொடுத்தவர் அவரே. பிறகுதான் அதே கப்பலில் இருந்த மற்றவர்களின் வீடுகளைத் தேடிப்பிடித்து, நாங்கள் ஒன்றாக மனுக் கொடுக்கத் தொடங்கினோம்.

அமெரிக்காவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் எழுத வேண்டாம். 1953இல் ஈரான் பிரதமர் மொசாத்தெக்கின் அரசைக் கவிழ்த்ததில் அமெரிக்க உளவுத்துறைக்குப் பங்கிருந்தது. ஈரானியர்களின் சினத்துக்கு வலுவான காரணம் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கைத் தீர்க்க ஓர் அலுவலரின் உடலைப் பிடித்துவைப்பதை தூதரக உறவுகள் பற்றிய 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை அனுமதிக்கவில்லை. என் மனமும் அனுமதிக்கவில்லை.

விடுதலைக்குப் பின் என்ன ஆனது? 444 நாட்களுக்குப் பிறகு, 1981 ஜனவரி 20 அன்று, அமெரிக்காவின் புதிய அதிபராக ரீகன் பதவியேற்ற சில நிமிடங்களில் அவர்கள் விமானம் புறப்பட்டது. லேங்கன் 1987 வரை அரசுப் பணியில் இருந்தார். ஓய்வுக்குப் பிறகு ஈரானுடன் பேச வேண்டும் என்று தொடர்ந்து வலியுறுத்தினார். 2019இல் தம் 96ஆம் வயதில் காலமானார். தம்மை அடைத்துவைத்த நாட்டோடு பேசுங்கள் என்று ஒருவர் சொன்னது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். என் தம்பி மீண்டும் கப்பலுக்கே போனதைப் பார்த்தவள் என்பதால் எனக்கு வியப்பில்லை. அடைபட்டவர்கள் அந்த நாட்களோடு தம் வாழ்க்கை முடிந்துவிட்டதாகப் பிறர் நினைப்பதை விரும்புவதில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பிணைக்கைதிகளை விடுவிக்க அமெரிக்காவும் ஈரானும் செய்துகொண்ட அல்ஜியர்ஸ் உடன்பாடே அவர்கள் ஈரான் மீது அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்குத் தொடுப்பதைத் தடுத்தது. 2015இன் இறுதியில்தான் அமெரிக்க நாடாளுமன்றம், ஒவ்வொரு நாளுக்கும் 10,000 டாலர் வரை இழப்பீடு பெற வழிசெய்தது. அதற்குள் அந்த 52 பேரில் பலர் இறந்திருந்தார்கள். என் தம்பிக்கு வர வேண்டிய நிலுவைச் சம்பளத்தில் ஒரு பகுதி மட்டுமே வந்தது. மீதியைக் கேட்டு நாங்கள் அனுப்பிய கடிதங்களுக்கு அந்த நிறுவனம் இன்றுவரை பதில் எழுதவில்லை.