ஒன்றே முக்கால் ஏக்கர் இந்தியா

அன்புள்ள ஐயா,

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லை, அரசு, இறையாண்மை மூன்றுக்கும் தனித்தனியாக வரையறை மனப்பாடம் செய்தாகிவிட்டது. ஆனால் எனக்கென்னவோ மூன்றும் ஒன்றுதான் என்று படுகிறது. கோடு போட்டால் எல்லை, கோட்டுக்குள் ஆள்வது அரசு, அந்த அரசுக்கு இருப்பது இறையாண்மை. இதற்கு எதற்கு மூன்று பாடம்? இன்னொன்று. கச்சத்தீவைக் கொடுத்தபோது நாடாளுமன்றத்தில் சட்டத் திருத்தம் ஏன் கொண்டுவரவில்லை?

க., திருச்சி

அன்புள்ள க.,

நானும் வெகுநாள் உங்களைப் போலத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மேற்கு வங்கத்துக் கூச் பிஹார் பக்கத்துப் பழைய வரைபடம் ஒன்றைப் பார்க்கும்வரை. வங்கதேசத்துக்குள் இந்தியாவின் நிறத்தில் புள்ளி புள்ளியாக இருந்தது. மை சிதறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவைதான் சிட்மகால்கள். 2015 வரை இந்தியாவின் 111 துண்டுகள் வங்கதேசத்துக்குள், அவர்களுடைய 51 துண்டுகள் நமக்குள் இருந்தன. கூச் பிஹார் ராஜாவும் ரங்பூரின் முகலாய அதிகாரியான ஃபௌஜ்தாரும் சதுரங்கம் ஆடி ஊர்களைப் பந்தயம் வைத்தார்கள் என்று அங்கே கதை சொல்வார்கள். நல்ல கதை, அவ்வளவுதான். உண்மையில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகலாயர்களும் கூச் பிஹாரும் சண்டையை நிறுத்தி உடன்படிக்கை செய்தபோது, அவரவர் கையில் இருந்த நிலம் அவரவருக்கே என்று விட்டுவிட்டார்கள். அன்றைக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. வரி யாருக்குப் போகிறது என்பது மட்டும்தான் வித்தியாசம். 1947இல் ரங்பூர் கிழக்குப் பாகிஸ்தானோடு போனது, 1949இல் கூச் பிஹார் இந்தியாவோடு இணைந்தது. வரிக்கணக்கில் இருந்த கோடு ஒரே அடியில் சர்வதேச எல்லையாகிவிட்டது.

இதில் தஹாலா கக்ராபாரி என்று ஒரு வயல் உண்டு. மொத்தம் ஒன்றே முக்கால் ஏக்கர், சணல் போடுவார்கள். அது இந்தியாவாக இருந்தது. அதைச் சுற்றியிருந்த கிராமம் வங்கதேசம். அந்தக் கிராமத்தைச் சுற்றியிருந்தது மறுபடி இந்தியா. அதையும் சுற்றி வங்கதேசம். உலகத்தில் இப்படி மூன்று சுற்றுக்குள் கிடந்த நிலம் இது ஒன்றுதான். வயலுக்குச் சொந்தக்காரர் வங்கதேசத்து விவசாயி. அன்றைக்கு அறுவடைக்குப் போனால், ஏட்டின்படி அவர் வெளிநாடு போனதாகக் கணக்கு.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த 111 துண்டுகளிலும் இறையாண்மை இந்தியாவுடையதாக இருந்தது. அதில் எந்தத் தகராறும் இல்லை. எல்லையும் ஏட்டில் சுத்தமாக இருந்தது. இல்லாதது அரசு. போலீஸ் கிடையாது, ரேஷன் கிடையாது, பள்ளி கிடையாது, கரண்ட் கிடையாது. உள்ளே வர உரிமையுள்ள அரசால் வர முடியாது, வர முடிந்த அரசுக்கு உரிமை இல்லை. 1952இல் பாஸ்போர்ட், விசா நடைமுறை வந்ததும் நிலைமை இன்னும் மோசம். விசா இல்லாமல் துண்டை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது. விசா வாங்க வேண்டுமென்றால் முதலில் வெளியே கால் வைத்தாக வேண்டும்.

நமக்குள் இருந்த வங்கதேசத் துண்டுகளிலும் இதே கதைதான். பிள்ளையைப் பக்கத்து இந்தியப் பள்ளியில் சேர்க்க, இந்திய முகவரி உள்ள யாரோ ஒருவரை அப்பா என்று எழுதுவார்கள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகிற பெண், கணவர் பெயர் இருக்கும் இடத்தில் வேறு ஆள் பெயரைச் சொல்லுவாள். நான் இங்கேதான் நின்றுபோனேன். இறையாண்மை என்ற சொல்லை அதுவரை கொடியோடும் ராணுவத்தோடும் மட்டுமே சேர்த்து நினைத்திருந்தேன். அது ஒரு சேர்க்கைப் படிவத்தில் தகப்பன் பெயரை மாற்றும் என்று தோன்றியதே இல்லை.

துண்டு துண்டாக இருப்பதுதான் கோளாறு என்றும் சொல்ல முடியாது. பெல்ஜியமும் நெதர்லாந்தும் பின்னிக் கிடக்கும் பார்லே ஊரில் எல்லைக்கோடு வீட்டுக்கு நடுவே ஓடுகிறது. முன்வாசல் எந்தப் பக்கமோ அந்த நாட்டு முகவரி. சுற்றுலாக்காரர்கள் கோட்டின் மேல் ஒரு காலை வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே இரண்டு அரசுகளும் தெருவுக்குள் வந்துபோகின்றன, அதனால் கோடு யாரையும் கடிப்பதில்லை.

2015 ஜூலை 31 நள்ளிரவில் சிட்மகால்கள் கைமாறின. நாம் கொடுத்தது 17,160 ஏக்கர், வாங்கியது 7,110. அரசமைப்பின் 100ஆவது திருத்தம் இதற்காகத்தான். எந்த நாடு வேண்டும் என்று மக்களையே கேட்டார்கள். வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியத் துண்டுகளின் முப்பத்தேழாயிரம் பேரில் இந்தியாவுக்கு வந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. நமக்குள் இருந்த பதினான்காயிரம் பேரில் ஒருவர்கூட அங்கே போகவில்லை. அவரவர் வயல் இருந்த இடத்திலேயே நின்றுகொண்டார்கள். துணிந்து இங்கே வந்தவர்களுக்குக் கிடைத்தது தின்ஹாட்டா, ஹல்திபாரி, மேக்லிகஞ்ச் முகாம்களின் தகரக் கொட்டகை.

கச்சத்தீவுக் கேள்வியும் இதே பக்கத்தில்தான் முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது. 1958இல் நேரு, பெருபாரி என்ற பகுதியில் பாதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார். இந்திய மண்ணை விட்டுக்கொடுக்க அரசமைப்பையே திருத்தியாக வேண்டும் என்று 1960இல் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. சிட்மகால் ஒப்பந்தம் 1974 மே மாதமே கையெழுத்தாகியும் நாற்பது வருஷம் இழுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அடுத்த மாதமே கையெழுத்தான கச்சத்தீவுக்கு மட்டும் ஏன் திருத்தம் வேண்டியிருக்கவில்லை என்றால், ஒன்றிய அரசின் வாதம் இது: அது தகராறில் இருந்த இடம், நாம் எதையும் கொடுக்கவில்லை, கோடு எங்கே என்று முடிவுசெய்தோம், அவ்வளவே. கச்சத்தீவு ராமநாதபுரம் ஜமீனுடையது என்று பழைய ஆவணங்களைக் காட்டுகிறவர்கள் இதை ஏற்பதில்லை. எனக்கும் அது வக்கீல் சாமர்த்தியமாகத்தான் படுகிறது. ஆனால் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது பாருங்கள்: ‘எல்லை’ என்று சொன்னால் அமைச்சரவையே போதும், ‘இறையாண்மை’ என்று சொன்னால் நாடாளுமன்றம் வேண்டும். மூன்று பாடம் எதற்கு என்று கேட்டீர்களே.

அப்புறம், தேர்வில் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். 1933 மாண்டிவிடியோ உடன்படிக்கை அரசுக்குச் சொன்ன நான்கு தகுதிகளை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.