குனிந்து வேலை செய்து இறுகிப்போன கழுத்துக்கு, நோகாமல் செய்யக்கூடிய நீட்சிப் பயிற்சி ஏதும் உண்டா?

நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்வதால் வலப்பக்கக் கழுத்தும் தோளும் இறுகிக் கிடக்கின்றன, இழுத்து நீட்டினால் இன்னும் கூடுதலாக நோகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதே நோவை நான் பல வருடம் அனுபவித்தேன். எனக்கு உதவிய வழி, கழுத்தை இழுப்பதை நிறுத்திவிட்டு, முதலில் எதிர்ப்பக்கமாக மிக மெதுவாகத் தள்ளுவது. பிறகு மூச்சை விட்டுக் காத்திருப்பது. அவ்வளவுதான்.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் சாறி பிளவுஸ் தைக்கிறேன், 19 வருடமாக. தைமாதக் கலியாணங்களுக்கான துணி மார்கழியிலேயே வந்து குவிந்துவிடும். அந்த நாட்களில் காலையில் மெஷினுக்கு முன் இருந்தால் இரவுதான் எழும்புவேன். எழும்பும்போது வலது தோள்பட்டை எலும்பின் மேல் மூலையில், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில், ஆணி இறக்கியது போல இருக்கும். சித்தாலேப பூசுவேன், பனடோல் போடுவேன். அப்புறம் தலையைக் கையால் பிடித்து இடப்பக்கம் பலமாக இழுப்பேன். அந்த நேரத்துக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மறுநாள் காலை காலி வீதியைக் கடக்கும்போது வலப்பக்கம் பஸ் வருகிறதா என்று பார்க்கத் தலை திரும்பாது. உடம்போடு சேர்த்துத் திரும்பிப் பார்ப்பேன்.

ஒருநாள் பிளவுஸ் போட்டுப் பார்க்க வந்த பிள்ளை ஒருத்தி, நான் கழுத்தை இழுப்பதைக் கண்டுவிட்டாள். அவள் இயன் மருத்துவம் (பிசியோதெரபி) படித்தவள். “அக்கா, அப்பிடி இழுக்காதேங்கோ. இழுக்க இழுக்க அது இன்னும் இறுக்கிப் பிடிக்கும்” என்றாள். கதிரையில் என்னை இருத்தி, தலைக்குப் பின்னால் இரண்டே இரண்டு விரலை வைத்து, “இப்ப என்ரை விரலைத் தள்ளுங்கோ. கொஞ்சமா. இன்னும் கொஞ்சமா” என்றாள். நான் தள்ளியது அவளுக்கு எப்போதும் கூடுதலாகவே இருந்தது. அந்த “கொஞ்சம்” எவ்வளவு என்று விளங்கவே எனக்கு இரண்டு மூன்று நாள் எடுத்தது. ஆகவே அதையே விரிவாகச் சொல்கிறேன்.

கதிரையில் நிமிர்ந்து இருங்கள். வலது கையால் இருக்கையின் ஓரத்தைப் பிடியுங்கள், தோள் மேலே எழும்பாமல் இருக்கத்தான் இது. முகத்தை இடப்பக்கம் பாதியளவு திருப்பி, இடது அக்குளைப் பார்ப்பது போலத் தலையைத் தாழ்த்துங்கள். இடது கையைத் தலையின் பின்பக்கம் வையுங்கள். கை சும்மா கிடக்கட்டும், அதன் பாரமே போதும். தலை இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்று தசை சொல்லும். நோவு தொடங்கும் இடம் அல்ல இது, அதற்கு முன்பே வருவது. அங்கே நில்லுங்கள்.

இப்போது கண்ணை மட்டும் வலப்பக்கக் கூரையை நோக்கி உயர்த்தி, மெதுவாக மூச்சை இழுத்தபடி, தலையால் கையைப் பின்னோக்கித் தள்ளுங்கள். தலை அசையக் கூடாது. உங்கள் பலத்தில் பத்தில் ஒரு பங்கு போதும்; கைக்கும் தலைக்கும் இடையில் ஒரு மெல்லிய துணியை விழாமல் பிடித்திருப்பது போல. 10 விநாடி. பிறகு கண்ணைத் தாழ்த்தி, மூச்சை நீளமாக விட்டு, தள்ளுவதை நிறுத்துங்கள்.

நிறுத்திய உடனே கை போய்த் தலையை இழுக்கப் பார்க்கும். விடாதீர்கள். 10 விநாடி, தேவையென்றால் 20 விநாடி சும்மா இருங்கள். தலை தானாக ஒரு விரல் அகலம் கீழே இறங்கும். முதல் தடவை அது இறங்கியபோது எனக்குக் கண் கலங்கியது. அத்தனை வருடம் மல்லுக்கட்டியும் கிடைக்காத இடம், விட்டுவிட்டபோது கிடைத்தது. இறங்கிய இடத்திலிருந்தே மறுபடி தள்ளி, மறுபடி விடுங்கள். மூன்று முதல் ஐந்து முறை. முடிந்ததும் கையால் தாங்கித் தலையை மெதுவாக நிமிர்த்துங்கள்.

நீங்கள் நீட்டும் அந்தத் தசை, கழுத்தெலும்புகளில் மேலே உள்ள நான்கிலிருந்து புறப்பட்டுத் தோள்பட்டை எலும்பின் மேல் மூலையில் வந்து சேர்கிறது. என் ‘ஆணி’ ஏன் சரியாக அந்த மூலையில் இருந்தது என்று இதைக் கேட்ட பிறகுதான் விளங்கியது.

இந்த முறைக்குப் பின்னால் பழைய வரலாறு இருக்கிறது. 1940களில் அமெரிக்காவில் ஹெர்மன் கபாட் என்ற மருத்துவரும் மார்கரெட் நாட் என்ற இயன் மருத்துவரும், போலியோ போன்ற நோய்களால் தசை பலவீனமானவர்களுக்காக உருவாக்கிய பயிற்சிகளில் தசையைச் ‘சுருக்கிப் பிறகு தளர விடுவது’ ஒரு பகுதி. அதை இவ்வளவு மென்மையாக்கி, மூச்சையும் சேர்த்து, தசை நோவுக்குப் பயன்படுத்தியவர்களில் முக்கியமானவர் பிராக் நகர மருத்துவர் காரெல் லெவிட். அவரும் அமெரிக்க மருத்துவர் டேவிட் சைமன்ஸும் 244 நோயாளிகளிடம் செய்து பார்த்ததை 1984இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு நோவு உடனே தணிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அதில் இல்லை, அதனால் அதை முடிந்த முடிவாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

வேகமாக இழுத்தால் ஏன் இறுகுகிறது என்பது தெளிவு. தசைக்குள் நீளத்தை உணரும் நுண்ணிய உறுப்புகள் உண்டு. தசை திடீரென நீண்டால், முள்ளந்தண்டு வழியாகச் ‘சுருங்கு’ என்ற கட்டளை வந்துவிடும். டாக்டர் முழங்காலில் சுத்தியலால் தட்ட, கால் உதறுகிறதே, அதே வேலைதான். தள்ளிவிட்டுப் பிறகு நிறுத்தினால் ஏன் தளர்கிறது என்பதில்தான் கருத்து வேறுபாடு. சுருங்கிய தசை அனிச்சையாகத் தளர்கிறது என்பது பழைய விளக்கம். நீட்சியைத் தாங்கிக்கொள்ளும் அளவு கூடுவதுதான் பெரிய காரணம் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் அவசரப்பட்டுச் செய்த நாளில் பலனே இருப்பதில்லை.

தொடையின் பின்பக்கத்துக்கும் இதே விதி. படுத்து, பாதத்தில் துவாயை மாட்டிக் காலை உயர்த்தி, பாதத்தால் துவாயை மெதுவாகத் தள்ளி, பிறகு தள்ளுவதை நிறுத்தி, மூச்சை விட்டுக் காத்திருங்கள்.

கை விறைத்தால், பொருளைப் பிடிக்கும் பலம் குறைந்தால், விழுந்தோ அடிபட்டோ நோவு வந்திருந்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், இதைச் செய்யாமல் டாக்டரிடம் போங்கள். நெஞ்சில் நோவும் சேர்ந்து வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். செய்யும்போது தலை சுற்றினாலும் நிறுத்திவிடுங்கள்.

இப்போதும் மார்கழியில் எனக்கு நோவு வரும். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மெஷினை நிறுத்தி இரண்டு தடவை செய்தால் அது ஆணியாக மாறுவதில்லை. மேசைக்கு அடியில் மரக்கட்டை வைத்து நாலு விரல் உயர்த்தியதும் உதவியது. உங்கள் வேலை மேசை எவ்வளவு உயரம் என்று எழுதவில்லை. இன்றிரவு பயிற்சிக்கு முன் தலையை வலப்பக்கம் திருப்பி, நோகாமல் எதுவரை பார்க்க முடிகிறது என்று சுவரில் ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் அதே கதிரையில் இருந்து மறுபடி பாருங்கள்.